விலைக்கு வரும் ஆசனம்: நலிந்த காரோட்ட அணிகளும் பணம் செலுத்தும் சாரதிகளும்

அண்மையில் சிலாபம் சென்றிருந்த வேளை, மீன்பிடித் துறைமுகத்தை அடுத்துள்ள தேநீர்க் கடையொன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். இளைஞர்கள் சிலர் கைத்தொலைபேசியொன்றைச் சூழ்ந்து நின்று காரோட்டக் காட்சியொன்றைப் பார்த்துக் கொண்டிருந்தனர். 2025 ஜனவரியில் டுபாயில் நடைபெற்ற 24 மணிநேர ஓட்டத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தனது பிரிவில் மூன்றாமிடம் பெற்ற காட்சி அது. அவர்களுள் ஒருவர், இதெல்லாம் காசுள்ளவர்களின் விளையாட்டு, காசு கட்டினால்தான் காரில் ஏறவே விடுவார்கள் என்றார். உடப்பிலிருந்து வந்து பலநாள் படகொன்றில் தொழில் செய்யும் மற்றோர் இளைஞர் எம் பக்கம் திரும்பி, "ஐயா, நாங்கள் படகில் ஏறினால் எங்களுக்குப் பங்கு தருகிறார்கள். இவர்கள் ஏறுவதற்குக் காசு கொடுக்கிறார்களாமே, இது என்ன கணக்கு?" என்று வினவினார்.

இவ்வினா சாதாரணமானதன்று. போர்முலா 1 எனப்படும் உலகின் தலையாய காரோட்டத் தொடரில் இதுவரை இந்தியாவிலிருந்து இருவர் மாத்திரமே போட்டியிட்டுள்ளனர். ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். மற்றவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். இருவருமே பெரும்பாலும் பணமுடையால் தத்தளித்த அணிகளின் கார்களிலேயே ஓட நேர்ந்தது. அனுசரணைப் பணத்தால் ஆசனம் பெற்றவர்கள் என்ற பழியும் அவர்களைத் தொடர்ந்தது. அந்தப் பழி நியாயமானதா என்பதை அறிய வேண்டுமாயின், ஓர் அணி ஏன் தனது ஆசனத்தை விலைக்கு விடுகின்றது என்பதை முதலில் விளங்கிக் கொள்ளுதல் அவசியமாகும்.

உடப்பு இளைஞரின் உவமையையே எடுத்துக் கொள்வோம். எமது கரையோரத்தில் படகொன்று கடலுக்குச் சென்று திரும்பினால் எரிபொருள், ஐஸ், உணவு ஆகியவற்றின் செலவு போக எஞ்சியதைப் படகு உரிமையாளரும் தொழிலாளரும் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். ஆகவே, சம்மாட்டி கைதேர்ந்த ஆளையே தேடுவார். நல்ல ஆள் ஏறினால் பாடு கூடும். பாடு கூடினால் அவரது பங்கும் கூடும். ஆனால், டீசல் அடிக்கவே வழியற்ற ஒரு சம்மாட்டியை எண்ணிப் பாருங்கள். "டீசலுக்கு நான் பணம் தருகிறேன், என்னையும் ஏற்றிக் கொள்ளுங்கள்" என்று ஒருவர் வந்தால் அவர் என்ன செய்வார்? வந்தவர் கடலறிந்தவரா என்பது அப்பொழுது இரண்டாவது கேள்வியாகி விடும். படகு கரையிலேயே கிடந்தால் எல்லோருக்குமே பங்கில்லை என்பதே முதலாவது கேள்வி. நலிந்த காரோட்ட அணியின் நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

போர்முலா 1 அணியொன்று வெறுமனே இரண்டு கார்களும் இரண்டு சாரதிகளும் கொண்டதன்று. ஒவ்வோர் அணியும் தனது காரின் உடற்கட்டைத் தானே வடிவமைக்க வேண்டும். பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், கணினி வல்லுநர் என நூற்றுக்கணக்கானோர் அதற்காக உழைக்கின்றனர். இதற்கான வருமானம் மூன்று வழிகளில் வருகின்றது. தொலைக்காட்சி உரிமை முதலியவற்றால் தொடருக்குக் கிடைக்கும் வருவாயில் அணிகளுக்கு வழங்கப்படும் பங்கு முதலாவது. காரில் தமது பெயரைப் பொறிப்பதற்காக நிறுவனங்கள் செலுத்தும் அனுசரணைத் தொகை இரண்டாவது. உரிமையாளரின் சொந்தப் பணம் மூன்றாவது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. வருவாய்ப் பங்கு அணிகளின் தரவரிசையைப் பொறுத்தது. முன்னணியில் உள்ளவருக்கு மிகுதியாகவும் பின்னணியில் உள்ளவருக்குக் குறைவாகவும் அது பகிரப்படுகின்றது. அனுசரணையாளரும் வெல்லும் காரில் தமது பெயரைக் காணவே விரும்புவர். எனவே, மெதுவான காருக்குப் பணம் வருவதில்லை. பணம் வராததால் கார் மேலும் மெதுவாகின்றது. ஓரிடம் கீழிறங்குவது ஓர் அணியின் உயிரையே பறிக்கக் கூடும் என்பதற்கு 2016 ஆம் ஆண்டு நிகழ்ந்ததே சான்று. அவ்வாண்டு மேனோர் என்ற சிறிய அணி ஒரே ஒரு புள்ளியுடன் பத்தாமிடத்தில் இருந்தது. பருவத்தின் இறுதிக்கு முந்திய போட்டியான பிரேசில் ஓட்டத்தில் சோபர் அணியின் பிலிப்பே நாசர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளிகள் பெற்றார். மேனோர் பதினோராம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த அணி மூடப்பட்டது.

இத்தகைய அணியின் கையில் உடனடியாக விற்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சாரதியின் ஆசனம். உலகில் இருபது சொச்சம் ஆசனங்களே உள்ளன. அவற்றை விரும்புவோரோ ஆயிரக்கணக்கானோர். ஆகவே, அனுசரணையாளரையோ, செல்வந்தரான தந்தையையோ, தன் நாட்டு அரசையோ துணைக்கு அழைத்து வரும் சாரதியிடம் பணம் பெற்றுக் கொண்டு அணி அவரை அமர்த்துகின்றது. இத்தகையோரே பணம் செலுத்தும் சாரதிகள் என அழைக்கப்படுகின்றனர்.

இது புதிய வழக்கமன்று என்பதையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ஒஸ்ரியாவைச் சேர்ந்த நிக்கி லவுடா, செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தும் வீட்டாரின் ஆதரவு கிட்டாமையால், 1970 களின் தொடக்கத்தில் வங்கியில் கடன்பட்டே மார்ச் அணியில் ஆசனம் பெற்றார். அந்தக் கடன்காரரே பின்னர் 1975, 1977, 1984 ஆகிய ஆண்டுகளில் உலகச் சம்பியனானார். ஏழு தடவைகள் உலகச் சம்பியனான மைக்கல் ஷூமாக்கரின் முதலாவது ஆசனமும் இலவசமாக வந்ததன்று. 1991 ஆம் ஆண்டு ஜோர்தான் அணியின் சாரதி ஒருவர் லண்டனில் சிறை செல்ல நேர்ந்ததால் வெற்றிடமான இடத்தில், பெல்ஜிய ஓட்டத்தில் ஷூமாக்கரை அமர்த்துவதற்கு மேர்சிடிஸ் நிறுவனம் 150,000 டொலர் செலுத்தியதாகப் பதிவாகியுள்ளது. பணம் செலுத்தப்பட்டது என்பதனால் மாத்திரம் திறமையில்லை என்றாகி விடாது என்பதற்கு இவ்விருவரையும் விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதே ஜோர்தான் அணியே பதினான்கு ஆண்டுகளின் பின்னர் நரேன் கார்த்திகேயனுக்கும் கதவைத் திறந்தது. எடி ஜோர்தான் தோற்றுவித்த அவ்வணி 1998 இல் தனது முதலாவது வெற்றியைப் பெற்று, 1999 இல் அணிகளின் தரவரிசையில் மூன்றாமிடம் வரை உயர்ந்தது. பின்னர் படிப்படியாகச் சரிந்து, 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிட்லண்ட் குழுமத்துக்கு விற்கப்பட்டது. அந்த நலிந்த வேளையிலேதான் டாட்டா குழுமம் முதலான இந்திய அனுசரணையாளரின் ஆதரவுடன் நரேன் அவ்வணியில் இணைந்தார். 2005 மார்ச் மாதம் மெல்பேர்ணில் நடைபெற்ற அவுஸ்திரேலிய ஓட்டத்தில் அவர் களமிறங்கிய பொழுது, போர்முலா 1 இல் போட்டியிட்ட முதலாவது இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது.

அவ்வாண்டு ஜூன் 19 ஆம் திகதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்தது விசித்திரமான ஓட்டமாகும். மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் அந்தத் தடத்துக்குப் பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டமையால், அவற்றைப் பயன்படுத்திய ஏழு அணிகளும் தொடக்கச் சுற்றுடன் விலகிக் கொண்டன. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு பேரில் நான்காவது தானே என்று நகைத்தவர்கள் உண்டு. ஆயினும் அவருக்கு முன்னர் வந்தவர்கள் இரு பெராரிகளும் அவரது சக சாரதியுமே. அவர் ஓட்டிய காரில் அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. அந்த ஐந்து புள்ளிகளே இன்றுவரை இந்தியச் சாரதி ஒருவர் போர்முலா 1 இல் பெற்ற ஒரேயொரு புள்ளித் தொகையாகும். அடுத்த ஆண்டு அவருக்கு ஓட்ட ஆசனம் கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அணியில் பரீட்சார்த்தச் சாரதியாகவே அவர் பணியாற்ற நேர்ந்தது.

பணமில்லா அணியின் துயரத்தை முழுமையாக அறிய விரும்புவோர், எச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணியின் மூன்றாண்டுக் கதையைப் படித்தல் வேண்டும். 2009 ஆம் ஆண்டு, அணியொன்றின் ஆண்டுச் செலவுக்கு 40 மில்லியன் பவுண் என்ற உச்சவரம்பு விதிக்கப்படும் என அப்பொழுது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மக்ஸ் மோஸ்லி அறிவித்தார். அவ்வுறுதியை நம்பிப் புதிய அணிகள் விண்ணப்பித்தன. பெரிய அணிகளின் எதிர்ப்பால் உச்சவரம்பு கைவிடப்பட்டது. ஆனால், புதியவர்களோ ஏற்கெனவே களத்தில் இறங்கி விட்டிருந்தனர். ஸ்பெயினின் முன்னாள் சாரதி அட்ரியன் கம்போஸ் தொடங்கிய அணி பணமின்றித் திணறிப் பங்காளியான ஹோசே ரமோன் கரபாந்தேயின் கைக்கு மாறி எச்.ஆர்.டி. எனப் பெயர் பெற்றது.

இவ்வணியில்தான் கருண் சந்தோக்குக்கு இடம் கிடைத்தது. 2010 மார்ச் மாதம் பஹ்ரெய்னில் நடைபெற்ற முதலாவது போட்டிக்கு முன்னர் அந்தக் கார் பரீட்சார்த்த ஓட்டம் எதிலுமே பங்குபற்றியிருக்கவில்லை. பயிற்சி ஓட்டங்கள் நடைபெற்ற வேளையிலும் சந்தோக்கின் கார் பொருத்தி முடிக்கப்படவில்லை. ஆகவே, தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஓட்டத்திலேயே அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். முதலிடம் பெற்றவரை விடப் பத்து விநாடிகளுக்கும் மேலாகப் பின்தங்கினார். சோதித்துப் பாராத புதுப் படகை முதல் நாளே சோளகக் கடலில் இறக்கி, அதை வலித்தவன் திறமையற்றவன் எனக் கூறுவதற்கு இது ஒப்பாகும்.

அத்தகைய காரிலும் சந்தோக் அவுஸ்திரேலியாவிலும் மொனாகோவிலும் பதினான்காமிடம் பெற்றார். எனினும், பத்துப் போட்டிகளுடன் அவரது ஆசனம் பறிபோனது. ஜேர்மனிய ஓட்டத்திலிருந்து அவ்விடத்தில் ஜப்பானைச் சேர்ந்த சகோன் யமமோட்டோ அமர்த்தப்பட்டார். அவர் கொண்டு வந்த அனுசரணையே அதற்குக் காரணமென அன்று பரவலாகப் பேசப்பட்டது. ஒருவருக்கு விற்ற ஆசனத்தைப் பருவத்தின் நடுவே இன்னொருவருக்கு மறுபடியும் விற்கும் நிலைக்கு அணி தள்ளப்பட்டமையே இங்கு கவனிக்கத்தக்கது.

2011 ஆம் ஆண்டு எச்.ஆர்.டி. அணியில் நரேன் கார்த்திகேயன் இணைந்தார். ஆறாண்டு இடைவெளியின் பின்னர் மீண்டும் அவருக்கு ஆசனம் கிடைத்ததில் டாட்டா குழுமத்தின் ஆதரவுக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியாவில் முதன்முதலாக நடைபெறவிருந்த கிராண்ட் பிரீ ஓட்டத்துக்கும் பெரும் பங்கிருந்தது எனலாம். அந்த ஆண்டு 107 வீத விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தகுதிகாண் ஓட்டத்தின் முதற் சுற்றில் அதிவேகமானவர் 100 விநாடிகளில் ஒரு சுற்றை முடித்தால், ஏனையோர் 107 விநாடிகளுக்குள் முடித்தல் வேண்டும். தவறினால் போட்டியில் பங்குபற்றுவது நடுவர்களின் தயவைப் பொறுத்தது. பருவத்தின் முதலாவது போட்டியான அவுஸ்திரேலிய ஓட்டத்தில் எச்.ஆர்.டி.யின் இரு கார்களும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது திரும்பின. 2012 இலும் அதே மெல்பேர்ணில் அதே கதி நேர்ந்தது.

அவ்வாண்டின் நடுவே நிகழ்ந்த மற்றொன்று எமது வினாவுக்கு மிகவும் பொருத்தமானது. 2011 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடைபெற்ற பிரித்தானிய ஓட்டத்திலிருந்து நரேனின் ஆசனம் அவுஸ்திரேலிய இளைஞர் டானியல் ரிக்கியார்டோவுக்கு வழங்கப்பட்டது. அதற்கான பணத்தைச் செலுத்தியது ரெட் புல் நிறுவனம். தனது அணிக்காகப் பயிற்றுவித்து வந்த இளைஞருக்குப் போட்டி அனுபவம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ரிக்கியார்டோ பின்னர் எட்டுப் போட்டிகளில் வெற்றி பெற்றார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், அவரைப் பணம் செலுத்தும் சாரதி என எவரும் அழைப்பதில்லை. இந்திய நிறுவனம் தன் நாட்டவருக்காகச் செலுத்தினால் அது விலைக்கு வாங்கிய ஆசனம். பெரிய அணி தன் மாணவருக்காகச் செலுத்தினால் அது திறமைக்குக் கிடைத்த வாய்ப்பு. சொல்லில்தான் வேறுபாடு உண்டேயன்றி, நலிந்த அணியின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே வரியிலேதான் எழுதப்படுகின்றன.

2011 ஒக்டோபர் 30 ஆம் திகதி டில்லிக்கு அருகே புத்த சர்வதேசத் தடத்தில் நடைபெற்ற முதலாவது இந்திய கிராண்ட் பிரீயில் நரேன் மீண்டும் களமிறங்கிப் பதினேழாமிடம் பெற்றார். தாய்நாட்டு மண்ணில் ஓடிய முதலாவது இந்தியர் என்ற வகையில் அது வரலாற்று நாள். 2012 பருவம் முழுவதும் அவர் எச்.ஆர்.டி.யில் ஓடினார். அப்பருவத்தின் முடிவில் அணி விற்பனைக்கு விடப்பட்டது. வாங்குவார் இல்லை. 2013 ஆம் ஆண்டுக்கான பங்கேற்பாளர் பட்டியலில் அதன் பெயர் இடம்பெறவில்லை. மூன்றாண்டுகளில் அது ஒரு புள்ளியேனும் பெற்றதில்லை. அதன் பின்னர் இன்றுவரை இந்தியச் சாரதி எவரும் போர்முலா 1 போட்டியொன்றில் ஓடியதில்லை.

இந்தக் கதையிலிருந்து நாம் அறிவது யாது? ஆசனத்தை விற்பது அணியைக் காப்பாற்றுவதில்லை; அதன் முடிவைச் சற்றுத் தள்ளிப் போடுகின்றது, அவ்வளவே. அவ்வாறு வரும் பணம் அந்த மாதச் சம்பளத்துக்கும் எஞ்சின் கட்டணத்துக்கும் உதிரிப்பாகங்களுக்கும் செலவாகி விடுகின்றது. காரை விரைவாக்கும் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சாரதிகள் அடிக்கடி மாறுவதால் காரின் குறைகளை எடுத்துரைத்துத் திருத்துவிக்கும் அனுபவமும் அணிக்குச் சேர்வதில்லை. சாரதிக்கோ இன்னொரு நட்டம். மோட்டார் ஓட்டத்தில் ஒருவரது திறமையை அளக்க அதே காரை ஓட்டும் சக சாரதியுடன் ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஓடவே தயாராகாத காரில், சரியான பாகங்கள் இல்லாத நிலையில், அந்த ஒப்பீடும் பொருளற்றுப் போகின்றது. நரேனும் சந்தோக்கும் உண்மையில் எவ்வளவு வேகமானவர்கள் என்பதை உலகம் ஒருபோதும் அளந்து பார்க்கவில்லை என்பதே எமது கருத்து.

திறமையை மாத்திரம் நோக்கி ஆளெடுத்தால் அணி பிழைத்து விடுமா என்ற எதிர்வினாவும் எழலாம். அதற்கும் எமது அயலிலிருந்தே விடை உண்டு. நரேன் ஓடிய ஜோர்தான் அணி மிட்லண்ட், ஸ்பைக்கர் எனக் கைமாறி, 2008 முதல் விஜய் மல்லையாவின் போர்ஸ் இந்தியா அணியாக மாறியது. பெயரில் இந்தியா இருந்தும், பத்தாண்டுகளுக்கும் மேலாக அவ்வணி இந்தியச் சாரதி எவருக்கும் போட்டி ஆசனம் வழங்கவில்லை. நாட்டுப்பற்றை விட வேகத்தையே அது நாடியது. அதன் பயனாக 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும், தன்னைவிடப் பன்மடங்கு வசதி படைத்த அணிகளைப் பின்தள்ளி நான்காமிடம் பெற்றது. அவ்வாறிருந்தும் கடன் அதனை விழுங்கியது. 2018 ஜூலையில், சம்பள நிலுவைக்காக அதன் சாரதி செர்ஜியோ பெரெஸ் எடுத்த சட்ட நடவடிக்கையின் பேரில், லண்டன் நீதிமன்றம் அணியை நிர்வாகியின் பொறுப்பில் ஒப்படைத்தது. அணியில் பணியாற்றிய ஏறத்தாழ 400 பேரின் தொழிலைக் காக்கவே அவ்வாறு செய்ததாகப் பெரெஸ் விளக்கமளித்தார்.

அந்தப் பெரெஸும் மெக்சிக்கோவின் பெரும் நிறுவனங்களது அனுசரணையுடன் வந்தவரே. அதற்காக அவரைத் திறமையற்றவர் எனக் கூறுவார் எவருமில்லை. அணியை வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கனடாவின் கோடீசுவரர் லோரன்ஸ் ஸ்ட்ரோல். அவரது மகன் லான்ஸ் ஸ்ட்ரோல் 2019 இல் அவ்வணியின் ஆசனத்தில் அமர்ந்தார். எஸ்தபான் ஒக்கோன் என்ற திறமையான பிரெஞ்சு இளைஞர் அவ்வாண்டு ஆசனமின்றி நின்றார். ஆசனத்தை வாங்குவதற்குப் பதிலாக அணியையே வாங்கி விட்டனர் என விமர்சகர் கூறியதில் உண்மையில்லாமலில்லை. ஆயினும், அந்தப் பணம் வந்திராவிடில் 400 குடும்பங்களின் நிலை யாதாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வணியே 2021 முதல் அஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடி வருகின்றது.

அரசின் பணத்தில் ஓடுவோரின் நிலை இதனிலும் நிலையற்றது. வெனிசுவேலாவின் அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் ஆதரவில் வில்லியம்ஸ் அணிக்கு வந்த பாஸ்டர் மல்டொனாடோ 2012 இல் ஸ்பானிய ஓட்டத்தில் வெற்றியே பெற்றார். ஆனால், எண்ணெய் விலை வீழ்ந்து அந்நாட்டுப் பொருளாதாரம் நொறுங்கியதும் ஆதரவு நின்றது. 2016 இல் அவருக்கு ஆசனமில்லை. ஒரு நாட்டின் மக்கள் மருந்துக்கும் உணவுக்கும் வரிசையில் நிற்கும் பொழுது காரோட்டத்துக்குப் பணம் செலுத்துவது நியாயமா என்ற கேள்வி, 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற எமக்குப் புதிதாக இருக்க முடியாது.

இந்நோய்க்கு மருந்து தேடாமலில்லை. 2016 முதல், போர்முலா 1 இல் ஓட விரும்புவோர் கீழ்நிலைத் தொடர்களில் மூன்றாண்டுகளுக்குள் 40 தகுதிப் புள்ளிகள் ஈட்டியிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. பணம் மாத்திரம் போதாது என்ற வேலி இதனால் போடப்பட்டது. 2009 இல் கைவிடப்பட்ட செலவு உச்சவரம்பும் 2021 இல் 145 மில்லியன் டொலர் என்ற அளவில் ஒருவாறு நடைமுறைக்கு வந்தது. எச்.ஆர்.டி. நம்பி வந்த வாக்குறுதி, அது மடிந்து எட்டு ஆண்டுகளின் பின்னரே நிறைவேறியது. இன்று நலிந்த அணிகளுக்கு ஆசனம் விற்க வேண்டிய நெருக்கடி முன்னரை விடக் குறைந்துள்ளது.

ஆனால், விலை ஒழியவில்லை. அது கீழ்ப்படிகளுக்கு இடம்பெயர்ந்துள்ளது. எட்டு வயதில் கார்ட் எனப்படும் சிறு வண்டி ஓட்டத்தில் தொடங்கி, போர்முலா 3, போர்முலா 2 என ஏறிவரும் இளைஞரின் குடும்பம் பல மில்லியன் யூரோவைச் செலவிட வேண்டியுள்ளது. தகுதிப் புள்ளிகளை ஈட்டும் அத்தொடர்களில் சாரதிகள் பெரும்பாலும் பணம் செலுத்தியே ஓடுகின்றனர். உச்சியில் அமர்ந்திருப்பவர் பணம் கொடுக்காதவராகத் தோன்றலாம். ஏறிவந்த ஒவ்வொரு படியிலும் அவருக்காக எவரோ பணம் செலுத்தியிருப்பர். படியேற வழியற்ற எத்தனை பேர் அடியிலேயே நின்று விட்டனர் என்பதற்குக் கணக்கில்லை.

இந்தியாவின் இரு சாரதிகளும் ஏன் தமிழ்நாட்டிலிருந்தே தோன்றினர் என்பதற்கான விடையும் இங்கேயே உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல்லாண்டுகளாகக் காரோட்டப் போட்டிகள் நடைபெற்று வந்தன. 1990 இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. சந்தோக்கின் பாட்டனாரும் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். நரேனின் தந்தையார் தென்னிந்தியாவின் பெயர்பெற்ற ரலி ஓட்டக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதிக் காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஓட்டக் கார்களைத் தயாரித்தார். அத்தகைய கார்களிலேதான் நரேனின் ஓட்ட வாழ்வு தொடங்கியது. கரிவரதன் 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூரின் ஓட்டத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மலிவான முதற்படி ஒன்று இருந்தமையாலேயே ஏறுவதற்கு ஆட்கள் இருந்தனர்.

எமது நாட்டிலும் இவ்விளையாட்டு அந்நியமானதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 முதல் அறியப்பட்டது. சோழவரத்தைப் போலவே களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும் போர்க்கால ஓடுபாதையொன்றில் போட்டிகள் நடைபெற்றுள்ளன. ஆயினும், 2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதியே தடைப்பட்டிருந்த நாட்டில், பழைய காருக்கே பல மில்லியன் ரூபா கேட்கப்படும் நிலையில், சிலாபத்து இளைஞர் ஒருவர் ஓட்டக்காரராவதைக் கனவு காண்பதும் அரிது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் குறையைச் சொல்லும் இளைஞர்கள் எமது துறைமுகங்களில் இல்லாமலில்லை. அவர்களின் கையில் ஒரு முறையேனும் கொடுத்துப் பார்ப்பதற்கு மலிவான சிறு வண்டியும் பாதுகாப்பான தடமும்தான் இல்லை.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். தேநீர்க் கடை இளைஞர்கள் பார்த்த நீண்டநேரக் காரோட்டப் போட்டிகளில் பணம் செலுத்தும் சாரதி மறைத்து வைக்கப்படுவதில்லை. சாரதிகள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என வெளிப்படையாகத் தரம் பிரிக்கப்படுகின்றனர். பல தொடர்களில் ஓர் அணியில் வெண்கலத் தரத்தவர் ஒருவரேனும் ஓட வேண்டுமென விதியும் உண்டு. தொழில்முறைச் சாரதியின் சம்பளம், அவருடன் சேர்ந்து ஓடும் வசதி படைத்த ஆர்வலரின் பணத்திலிருந்தே பெரும்பாலும் வருகின்றது. எவர் எதற்காக ஓடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அங்கே பழியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. போர்முலா 1 இன் குறை, பணம் வாங்குவதை விட, வாங்கிய பின்னரும் திறமை மாத்திரமே அளவுகோல் என்று சொல்லிக் கொள்வதேயாகும்.

உடப்பு இளைஞருக்கு நாம் அளித்த விடையும் இதுவே. பணம் கொடுத்து ஏறியவர் எல்லோரும் ஓடத் தெரியாதவர்கள் அல்லர். பணம் கொடுக்காமல் ஏறியவர் எல்லோரும் திறமையால் மாத்திரம் ஏறியவர்களும் அல்லர். வந்த மீனையெல்லாம் பெரிய படகுகளே பகிர்ந்து கொண்டால், சிறிய படகு தன் அணியத்தையும் கடையாரையும் விற்றுத்தான் டீசல் அடிக்கும். பங்கு நியாயமாக இருந்தால் ஆசனம் விலைக்கு வராது. முதற்படி மலிவாக இருந்தால் திறமை கரையில் நின்று விடாது. இவ்விரண்டையும் சீர்செய்யாது சாரதியை மாத்திரம் பழிப்பது நியாயமாகாது.

அவர் சிறிது யோசித்து விட்டு, "அப்படியானால் ஐயா, குற்றம் ஏறினவனில் இல்லை, பங்கு பிரித்தவனில்தான்" என்றார். இத்தனை பந்திகளில் நாம் விளக்க முயன்றதை அவர் ஒரு வரியில் கூறி முடித்து விட்டார்.